அனுமதியின்றி விரிந்த பக்க அறைகள்

வெண்குழியில் ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே வாரத்தில், வீட்டையும் தலையையும் அளப்பார்கள்.

வீட்டை அளப்பதற்குக் காரணம் காற்று. நிலாவில் காற்று தானாகக் கிடைப்பதில்லை. அறை எவ்வளவு பெரியதோ அவ்வளவு காற்றை அதற்குள் அடைத்துவைக்க வேண்டும். ஒருவர் ஆசைப்பட்டுத் தன் சுவரை ஒரு சாண் தள்ளிக் கட்டிக்கொண்டால், அந்த ஒரு சாணுக்கான மூச்சு வேறு யாருடைய மூக்கிலிருந்தோ வந்தாக வேண்டும். ஆகவே வெண்குழிச் சட்டத்தில் கொலைக்கு அடுத்த குற்றம் அறையை விரிப்பது.

தலையை அளப்பதற்குக் காரணம் ஈர்ப்புக் குறைவு. உடம்பிலுள்ள நீர் கால் பக்கம் இறங்கச் சோம்பல்பட்டுத் தலைப்பக்கமே தங்கிவிடப் பார்க்கும். அதனால் மூளை எப்படி இருக்கிறது என்று ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். படமெடுக்கும் கருவியைத் தலையில் குடம் மாதிரிக் கவிழ்ப்பார்கள். "உங்களுக்குக் குடம் வெச்சாச்சுங்களா?" என்பதுதான் அந்த வாரம் முழுக்க ஊரில் நலம் விசாரிக்கும் முறை.

இந்த "ங்களா"வுக்கும் வரலாறு உண்டு. வெண்குழிக்குக் காற்றுப் பம்பு பொருத்த முதலில் வந்தவர்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்கள். பொருத்திவிட்டு ஊர் திரும்பலாம் என்றுதான் வந்தார்கள். பம்பைப் பொருத்திவிட்டுத் திரும்பியவர் உலகில் யாரும் இல்லை. பின்னாலேயே ரிப்பேர் வரும். மூன்று தலைமுறை ஓடிவிட்டது. ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பிலும் அவர்களுடைய மரியாதை மட்டும் எடை குறையவில்லை.

நாச்சிமுத்து இந்த ஊரின் மாவுக்கூடத்தில் வேலை பார்த்தான். நிலாவில் இட்லி மாவு பூமியில் பொங்குவதைவிட உயரமாகப் பொங்கும். பொங்கும்போது மூடியை யாராவது அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் வேலை. முப்பத்து நான்கு வயது, ஒண்டிக்கட்டை, குடியிருப்பது ஒரே அறை. தலைக்குள் இரண்டு குரல்கள்.

மனச்சிதைவு நோய் அவனுக்கு இருபது வயதைத் தாண்டியதும் வந்தது. மூளைக்கு வெளிப்புறம் மடிப்பு மடிப்பாக ஒரு சாம்பல்நிறப் போர்வை உண்டு. அதற்குப் புறணி என்று பெயர். புறணி பேசுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்திருந்தால் வெண்குழியில் எல்லோருக்கும் அது தடித்துப் போயிருக்கும். மூளைக்கு உள்ளே நீர் நிரம்பிய சில குழிகள் உண்டு, எல்லோருக்கும்தான். நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் நாச்சிமுத்துவின் புறணி, நெற்றிப் பக்கமும் காதோரமும், மற்றவர்களுக்கு மெலிவதைவிடக் கொஞ்சம் வேகமாக மெலிந்தது. அது மெலிய மெலிய உள்ளே இருந்த குழிகள் கொஞ்சம் அகன்றன. பிறகு வேகம் தணிந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய நின்றே போனது. எல்லாமே மிகச் சிறிய மாற்றங்கள். படத்தை மட்டும் பார்த்து இவருக்கு நோய், இவருக்கு இல்லை என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாத அளவுக்குச் சிறியவை. அவற்றைப் பெரிதாக்குவதற்கு அக்கம்பக்கத்தார் இருந்தார்கள்.

குரல்களும் வந்த புதிதில் இருந்த ஆர்ப்பாட்டத்தை விட்டுவிட்டன. மாத்திரையின் தயவில், பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்கு இறங்கியிருந்தன. ஒருவர் வர்ணனைக்காரர். "நாச்சிமுத்து எழுந்துட்டான். பல்லு வெளக்கப் போறான். போகல." மற்றவர் வாத்தியாரம்மா. அவன் செய்தது தப்பு என்பதில் அந்த அம்மாளுக்குச் சந்தேகமே கிடையாது. எதைச் செய்தான் என்பதில்தான் அக்கறை கிடையாது. இருவரையும் காதில் வாங்கிக்கொண்டே மூடியை அழுத்திப் பிடிக்க அவன் பழகிவிட்டான்.

அந்த ஆண்டு நிர்வாகம் ஒரு சீர்திருத்தம் செய்தது. கட்டடப் பிரிவின் கணினியையும் தலையளவுப் பிரிவின் கணினியையும் ஒன்றாக இணைத்தது. இரண்டும் அளவுதானே என்பது வாதம். நல்ல தலைகளுக்குக் கணினி 'சரி' என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்ளும். நாச்சிமுத்துவின் தலை கண்காணிப்பில் இருந்ததால் விரிவாக எழுதியது, அதுவும் தூய தமிழில்: "குடியிருப்பாளர் நாச்சிமுத்து. பக்க அறைகள் இரண்டும் சென்ற ஆண்டைவிடச் சற்றே விரிந்துள்ளன. புறச்சுவர் மெலிந்துள்ளது. உள்ளே திரவம்."

வெண்குழியில் அறை என்ற சொல்லைப் பேச்சில் பயன்படுத்தியவை இயந்திரங்கள் மட்டுமே. பொதுமக்கள் ரூம் என்றார்கள். மூளைக்குள் இருக்கும் குழிகளை மருத்துவர்கள் வென்ட்ரிக்கிள் என்றார்கள். எனவே அந்த வாசகத்தைக் கண்டதும் கணினிக்கு எந்தக் குழப்பமும் ஏற்படவில்லை. அறை, சுவர், கசிவு என்று மூன்றையும் ஒரே மூச்சில் படித்து, அவசரம் என்று முத்திரையிட்டுக் கட்டடப் பிரிவுக்கு அனுப்பியது.

வெண்குழியில் அரசு அறிவிப்புகள் தாளில் வருவதில்லை. பிறந்த உடனே காதுக்குள் பொருத்தப்படும் செவிமொட்டு வழியாக, உரியவருக்கு மட்டும் கேட்கும்படி வரும். செவ்வாய்க்கிழமை நாச்சிமுத்து சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது காதுக்குள் ஒரு புதிய குரல் சொன்னது.

"தாங்கள் அனுமதியின்றி இரண்டு பக்க அறைகளை விரித்திருப்பது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது."

"மாட்டிக்கிட்டியா?" என்றார் வாத்தியாரம்மா.

"நாச்சிமுத்து பொத்தானை மாத்திப் போடறான்," என்றார் வர்ணனைக்காரர்.

நாச்சிமுத்து பதறவில்லை. இத்தனை ஆண்டு அனுபவத்தில் எந்தக் குரலை எங்கே வைப்பது என்பதற்கு அவனிடம் ஒரு முறை இருந்தது. தலைக்குள் இருக்கும் இருவரும் அவனை இன்றுவரை 'டா' போட்டுத்தான் பேசியிருக்கிறார்கள். கோபத்தில் அதைவிடக் கீழேயும் இறங்கியிருக்கிறார்கள். 'தாங்கள்' என்று அழைக்குமளவுக்கு அவனை மதித்த எதுவும் தன் தலைக்குள் உருவாகியிருக்க முடியாது என்று அவன் முடிவு செய்தான். அப்படியென்றால் இது அரசாங்கம்.

"ஏனுங், எனக்கு இருக்கறதே ஒரு ரூமுதானுங்களே," என்றான் சத்தமாக.

"அது நடு அறையாக இருக்கலாம். புகார் பக்க அறைகள் பற்றியது."

"அதுக்குக் கதவு எங்கீங்க இருக்குது?"

"வழி மறைக்கப்பட்டிருப்பதாகக் கருதப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை கட்டடப் பிரிவின் அளவி இயந்திரம் நேரில் வரும். தாங்கள் ஒத்துழைக்க வேண்டும்."

அன்று மாலையே அவன் அக்கா தெய்வானை வந்தாள். பம்பு நிலையத்தில் வேலை. வாரத்தில் இரண்டு மூன்று முறை தம்பிக்கு இடியாப்பம் போலச் சந்தகை பிழிந்து எடுத்துவருவாள். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

"அக்கா, ஒன்னு சொன்னா பயந்துக்க மாட்டியே?"

"சொல்லு சாமி."

"கவர்மெண்டுல இருந்து பேசுனாங்க. நான் ரெண்டு ரூமு ஒளிச்சு வெச்சிருக்கறனாமா. அளந்து பாக்க ஆளு வருதாமா."

தெய்வானை தட்டைக் கீழே வைத்தாள். "எங்கிருந்து பேசுனாங்க?"

"காதுக்குள்ளதான்."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"ரெண்டு வேளையும்?"

"ஐயோ அக்கா, இது அவங்க இல்ல. அவங்கள எனக்குத் தெரியாதா? இது வேற ஆளு. மரியாதையாப் பேசுது."

இதைவிட மோசமான ஆதாரத்தை அவன் சொல்லியிருக்க முடியாது. தெய்வானை சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றினாள். ஊற்றிய பால் தட்டைத் தாண்டிப் போனது.

மறுநாள் அவள் கட்டடப் பிரிவையே நேராகக் கேட்டாள். தம்பி வீட்டுக்கு அளக்க யாரையாவது அனுப்புகிறீர்களா? "பிறருடைய அறைகள் பற்றிய தகவல் வழங்கப்படமாட்டாது" என்று பதில் வந்தது. அடுத்து டாக்டர் ஷாகிதாவிடம் போனாள். நோய் வந்த நாளிலிருந்து நாச்சிமுத்துவைப் பார்த்துவரும் டாக்டர் அவர்.

"இந்த வருசத்துப் படம் எங்கிட்ட இருக்குதுங்க தெய்வானை. பெருசா ஒன்னுமில்ல. வென்ட்ரிக்கிள் ஒரு முடியளவு கூடியிருக்குது. என் வயசுக்கு எனக்கே அதவிடக் கூடியிருக்கும்," என்றார் டாக்டர்.

"அப்பறம் ஏனுங்க இப்பிடிப் பேசறான்?"

"அதுதானுங்க படத்துல தெரியறதில்ல."

தெய்வானை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பயம் குரல்களைப் பற்றியது அல்ல. "ரூமு எங்கயோ ஒளிஞ்சிருக்குதுன்னு நம்பிட்டான்னு வெச்சுக்குங்க. தேடறேன்னு செவுத்த இடிச்சுப் பாத்துட்டா?"

அந்தச் சுவருக்கு மறுபுறம் நிலா இருந்தது. டாக்டர் திரையில் இருந்த படத்தை அணைத்தார். பிறகு அமைதி இல்லத்தைப் பற்றிச் சொன்னார்.

அமைதி இல்லம் நிலாவின் மறுபக்கத்தில், பூமியே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. நோய் வந்த முதல் ஆண்டில் நாச்சிமுத்துவை அங்கே அனுப்பினார்கள். திரும்பி வந்தவன் பல மாதங்கள் வாயைத் திறக்கவில்லை. குரல்கள் மட்டும் பேசின. இனி எக்காலத்திலும் அனுப்ப மாட்டேன் என்று தெய்வானை அவன் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை, அவன் கையைப் பிடித்த தன் கையின் கட்டைவிரலை உத்தரவுத் திரையில் வைத்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை காலை வண்டி வரும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தம்பியின் கதவைத் திறந்தாள். உள்ளே நாச்சிமுத்து கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். மூன்று கால் இயந்திரம் ஒன்று அவன் தலையைச் சுற்றி நாடா பிடித்துக்கொண்டிருந்தது.

அளவிக்கு அது கடினமான காலைப்பொழுது. சுவர், கூரை, கட்டிலின் அடிப்புறம் எல்லாவற்றையும் அளந்தாகிவிட்டது. ஓர் அங்குலம்கூட மிகவில்லை. அப்புறம் கோப்பில் குறித்திருந்த இடத்தைத் தேடியது. அறைகள் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தன. குடியிருப்பாளர் நகர்ந்தபோது அவையும் நகர்ந்தன.

"அறைகள் இடம்பெயர்கின்றன. தாங்கள் தயவுசெய்து அசையாதிருக்க வேண்டும்," என்றது அளவி.

நாச்சிமுத்து தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அக்காவின் பக்கம் உருட்டினான். "அக்கா, உனக்கும் இது தெரியுதா?"

"தெரியுதுடா."

"எத்தன காலு?"

"மூணு."

"அப்பச் செரி," என்று அவன் மூச்சை விட்டான்.

தெய்வானை சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாக மாறியது. இரண்டுக்கும் நடுவில், அளவி என்ன படித்ததோ அதைத் தனக்கும் ஒருமுறை படித்துக்காட்டச் சொன்னாள். பக்க அறைகள், புறச்சுவர், திரவம். டாக்டர் ஷாகிதாவின் திரையில் பார்த்த படம் அவளுக்கு நினைவு வந்தது.

"ஏனுங் மிசினு, அது அவன் மூளைங்க!"

"அறைகள் எதனால் கட்டப்பட்டவை என்பது இந்தப் பிரிவின் விசாரணைக்கு உட்பட்டதல்ல," என்றது அளவி. "இருப்பது உறுதியாகிவிட்டது. இடித்து அகற்றலாம், அல்லது வரன்முறைப்படுத்தலாம். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?"

"வரன்முறை! வரன்முறை!" என்று அலறினாள் தெய்வானை.

"காலி அறைகளை வரன்முறைப்படுத்த விதி இடம் தராது. உள்ளே யாரேனும் குடியிருக்கிறார்களா?"

நாச்சிமுத்துவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ரெண்டு பேரு இருக்காங்க," என்றான்.

"பெயர்கள்?"

"பேரு கேட்டதில்லீங். ஒருத்தரு வர்ணனைக்காரரு. இன்னொருத்தங்க வாத்தியாரம்மா."

"எவ்வளவு காலமாக?"

"பதிமூணு வருசமாவுங்க."

"இருவரும் பதினெட்டு வயது நிரம்பியவர்களா?"

"வாத்தியாரம்மா கண்டிப்பா இருக்குமுங்க. இவரு கொஞ்சம் சின்னப் பையனாட்டப் பேசுவாரு, ஆனா குரல் தடிமனா இருக்குதுங்க."

அளவி நாடாவைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு பேரையும் குடியிருப்போர் பட்டியலில் சேர்த்துவிட்டு, வணக்கம் சொல்லி வெளியேறியது. மூன்று பேருக்குச் சேர்த்து மூன்று வணக்கம்.

அது போனதும் தெய்வானை விஷயத்தைச் சொன்னாள். நேற்று விரல் வைத்ததையும், நாளை வண்டி வருவதையும். நாச்சிமுத்து கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்துத் தூசி தட்டினான். பிறகு, "நானா இருந்தாலும் வெச்சிருப்பேன் அக்கா," என்றான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உடனே டாக்டரை அழைத்தாள். டாக்டர் ஷாகிதா கேட்டுவிட்டு ஒரு நிமிடம் சிரித்தார், ஒரு நிமிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் உத்தரவு உத்தரவுதான். "போடறதுக்கு ஒரு வெரலு போதுமுங்க. எடுக்கறதுக்குக் குழு கூடணும். அது அடுத்த மாசந்தான் கூடுது. அதுவரைக்கும் அங்க இருந்துதான் ஆகணுமாட்ட இருக்குது."

"அங்க போனா அவன் அடுத்த மாசம் பேசமாட்டானுங்க டாக்டர்."

"தெரியுமுங்க," என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை காலை வண்டி வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு ஆட்கள் இறங்கினார்கள். நாச்சிமுத்து பையைக் கட்டி வைத்திருந்தான். தெய்வானை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். உத்தரவை அவர்கள் அவளிடமே படித்துக்காட்டினார்கள், அவள் விரல் ரேகையோடு.

அந்த நேரத்தில்தான் பம்புக் கட்சி வேட்பாளர் சென்னியப்பன், பின்னால் நான்கு பேரோடு, நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். காற்று மன்றத் தேர்தலுக்கு ஒரு வாரமே இருந்தது. சென்ற முறை வால்வுக் கட்சியிடம் இரண்டே இரண்டு ஓட்டில் தோற்றவர். வெண்குழியில் இப்படிப்பட்டவர்கள் தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன், குடியிருப்போர் பட்டியலிலிருந்து தானாக நிரம்பும் வாக்காளர் பட்டியலைப் பார்ப்பார்கள். ஒரு ஓட்டு இருந்த வீட்டில் ஒரே இரவில் மூன்று ஓட்டு ஆகியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"நில்லுங், நில்லுங். எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"அமைதி இல்லத்துக்குங்க. உத்தரவு இருக்குது."

"யாரு யாருக்கு?"

வெள்ளைச் சட்டைக்காரர் திரையைப் பார்த்தார். "நாச்சிமுத்துங்கறவருக்கு மட்டுமுங்க."

சென்னியப்பன் தன் திரையை எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். "பக்க அறையில குடியிருக்கற ரெண்டு பேருக்கும் உத்தரவு இருக்குதுங்களா? இல்லீங்களா? அப்ப அவங்கள இங்கயே எறக்கி வெச்சுட்டு இவர மட்டும் கூட்டிட்டுப் போங். பாப்போம்."

வெள்ளைச் சட்டைக்காரர்கள் நாச்சிமுத்துவின் தலையைப் பார்த்தார்கள். ஒருவர் சுற்றிவந்து பின்பக்கமும் பார்த்தார். மேலிடத்தைக் கேட்டார்கள். தேர்தல் முடிகிற வரை ஒரு வாக்காளரை அவர் விருப்பமில்லாமல் வார்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்றும், தேர்தல் முடிந்தாலும் உத்தரவு இல்லாத இருவரைக் கொண்டுபோகவே கூடாது என்றும் பதில் வந்தது. நோயாளி என்றால் ஒரு விரல் போதுமாக இருந்தது. வாக்காளர் என்றதும் சட்டப் புத்தகமே எழுந்து நின்றது. வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

நாச்சிமுத்து பையைப் பிரித்துச் சட்டைகளை மறுபடி கொக்கியில் மாட்டத் தொடங்கினான். தெய்வானை சென்னியப்பனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்து, நாச்சிமுத்துவுக்கு எதிரே நின்று, அவன் காதுக்கு மேலே, முதலில் இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் கைகூப்பினார். எந்தப் பக்க அறையில் யார் இருக்கிறார் என்பது தெரியாததால் இரண்டு பக்கமும் ஒரே அளவு குனிந்தார்.

"உள்ள இருக்கறவங்க எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று கேட்டார். "கேட்டுச் சொல்லுங் தம்பி. அவங்களுக்கு என்ன கொறை? இங்க என்ன கஷ்டப்படறாங்க? என்ன வேணும்னு நெனைக்கறாங்க? எதா இருந்தாலும் மனசு விட்டுச் சொல்லச் சொல்லுங்."

நாச்சிமுத்து கொக்கியில் பாதி மாட்டிய சட்டையோடு அப்படியே நின்றான். மாத்திரை போட்டாயா என்று அவனைக் கேட்டிருக்கிறார்கள். தூங்கினாயா என்று கேட்டிருக்கிறார்கள். குரல் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று அளவு கேட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அவனுக்கே தோன்றியதில்லை. தெய்வானை மெதுவாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளும் பதிலுக்காகத் தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

அவன் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். வர்ணனைக்காரர் எதையும் வர்ணிக்கவில்லை. வாத்தியாரம்மா எந்தத் தப்பையும் கண்டுபிடிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக இருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை போலிருந்தது. பம்பு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அது எல்லோருக்கும் கேட்கிற சத்தம்.

"ஒன்னுமே பேசலீங்," என்றான் நாச்சிமுத்து. அவன் கண் கலங்கியிருந்தது. "ரெண்டு பேருமே சும்மா இருக்கறாங்."

சென்னியப்பனின் முகம் வாடிப்போனது. பின்னால் நின்ற ஆளின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? வால்வுக்காரன் நேத்தே வந்து பேசிட்டுப் போயிட்டானாட்ட இருக்குது."